மறதி நோயுள்ள மூத்தோரும் கைத்தொலைபேசியும்

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது நாம் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கினோம். எமக்குக் காரணம் தெரிந்திருந்தது. மறதி நோயுள்ளவருக்கோ காலையில் சொன்ன காரணம் மத்தியானம் நினைவில் இருக்கவில்லை; பிள்ளைகள் வரவில்லை என்பது மட்டுமே தெரிந்தது. இடம்பெயர்ந்த குடும்பங்களில் இந்தத் தனிமை ஊரடங்கோடு முடியவும் இல்லை. ஒரு பிள்ளை கொழும்பில், ஒரு பிள்ளை வெளிநாட்டில், பழைய அயலவர் ஆளுக்கொரு திக்கில்.

மறதி நோய் வயதினால் வரும் சாதாரண மறதி அல்ல. மூளையின் கலங்கள் பழுதடைவதால் வருவது. அதில் பல வகை உண்டு. கூடுதலாகக் காணப்படுவது அல்சைமர் நோய். அதில் அண்மைய நினைவுகளே பெரும்பாலும் முதலில் அழிகின்றன. நேற்று வந்த பேரனை மறந்தவர், இளமையில் மொட்டைக்கறுப்பன் விதைத்த வயலைப் பற்றி விபரமாகச் சொல்வார். தொலைபேசியில் கதைக்க வேண்டிய விடயம் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே, "என்னை ஆரெண்டு தெரியுதோ?" என்று தொடங்க வேண்டாம். அது பரீட்சை வைப்பது போன்றது. "அம்மா, நான் மூத்தவன் கதைக்கிறன்" என்று நாமே சொல்லிவிட வேண்டும். பதில் வரச் சுணங்கும், பொறுத்திருங்கள். ஒருவர் மாத்திரம் கதைக்கட்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் முழுக் குடும்பமாகத் திரையில் கூடுவது அன்பினால்தான், ஆனால் அது அவரைக் குழப்பும். மாலையில் பலருக்குத் தடுமாற்றம் கூடுவதால், முற்பகலில் தினமும் ஒரே நேரம் நல்லது. தொலைபேசியைச் செம்பொன்றில் சாய்த்துக் கண் மட்டத்தில் வைத்து, வீட்டார் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். காது கேளாமையை மறதி என்று எண்ணிவிடாமல், காதையும் ஒருமுறை காட்டிப் பாருங்கள்.

சிலர் திரையில் தெரியும் முகத்துக்குப் பயப்படுவர், அல்லது ஆளைத் தொலைபேசிக்குப் பின்னால் தேடுவர். அவர்களுக்குக் குரல் மட்டும் போதும். கையில் அந்தப் பிள்ளையின் படத்தைக் கொடுங்கள். சாதாரண பொத்தான் தொலைபேசியே இதற்குக் காணும். சிக்னல் இல்லாத இடத்தில், பிள்ளைகள் முன்பே பதிவுசெய்து அனுப்பிய குரலையோ அவர் இளமையில் கேட்ட பாட்டையோ போடலாம். பேச்சுக் குறைந்த பின்னும் பாட்டு மிஞ்சியிருப்பது உண்டு.

எமது வீடுகளில் கடினமானது, "வீட்டுக்குப் போவம்" என்ற கேள்விதான். நோயில்லாத எமக்கும் அந்த ஆசை உண்டல்லவா? "அந்த வீடு இப்ப இல்லை" என்று விளக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அவர் அதைப் புதிதாகக் கேட்டுப் புதிதாக அழுவார். "கிணற்றடியில் என்ன மரம் நின்றது?" என்று கேளுங்கள். ஊர் திரும்பிய உறவினர் குளத்தையோ வயலையோ வீடியோவில் காட்டலாம். அதை முதலில் நாம் தனியே பார்க்க வேண்டும். கூரையில்லாத வீடு தெரிந்தால் காட்டாமல் விடுங்கள்.

அழைப்பு முடிந்ததும் கதைத்தவரைத் தேடி வாசலுக்குப் போவதும் நடக்கும். அந்த நேரத்துக்குத் தேநீரும், துப்புரவாக்கக் கொஞ்சம் பயறும் தயாராக இருக்கட்டும்.