வீட்டில் டிக்கெட் போடும் பிள்ளைக்கு

இந்த மாத வகுப்பில் தேவாரமும் இல்லை, பண்டிகை விளக்கமும் இல்லை. விமான டிக்கெட் எடுப்பது எப்படி என்பதுதான் பாடம். சிரிக்காதீங்க. நம் வீடுகளில் யாருக்காவது பழனிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போக வேண்டும் என்று தோன்றினால், அடுத்த நிமிடம் கைப்பேசி உங்கள் கையில்தான் வந்து சேரும். "தம்பி, எப்ப போனா மலிவுன்னு பாரு" என்பார்கள். அந்த நேரத்திலிருந்து பாட்டியின் பயணம் உங்கள் பொறுப்பு. அவர் எத்தனையோ வருஷமாக மனசில் வைத்திருந்த நேர்த்திக்கடன் அது. செக்-இன் கவுண்டரில் ஒரு எழுத்துக்காக அவரை ஓரமாக நிற்க வைத்தால், அதைத் திருத்திக் கொடுக்க அங்கே நேரம் இருக்காது.

முதலில் வழி. ஒரு காலத்தில் பினாங்கிலிருந்து ஊருக்குப் போவது என்றால் கப்பல்தான். ரஜூலா என்ற பேரைச் சொன்னாலே நம் பெரியவர்கள் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. அதன் பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது, அதோடு அதன் ஓட்டமும் நின்றது. பின்னர் நம்மில் பெரும்பாலோர் கோலாலம்பூர் போய்த்தான் விமானம் ஏறினோம். 2024 டிசம்பர் 21-இல் இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடி விமானத்தைத் தொடங்கியது. பாயான் லெப்பாஸில் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் சென்னை. கோலாலம்பூர் வழியாகப் போக ஏர் ஏசியா, பாத்தேக் ஏர், மலேசியா ஏர்லைன்ஸ் இருக்கின்றன. சிங்கப்பூர் வழியாக ஸ்கூட் திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறது. விமான அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும், ஆகவே போன வருஷம் மாமா போன விமானம் இந்த வருஷமும் அதே நாளில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மலிவான டிக்கெட்டைத் தேடுமுன் எந்தக் கோயில் என்று கேளுங்கள். ஸ்ரீரங்கம், சமயபுரம், தஞ்சாவூர் என்றால் திருச்சியில் இறங்குவதே சுகம். அங்கே புது முனையம் 2024-இல் திறக்கப்பட்டிருக்கிறது, வயதானவர்களுக்கு நன்றாக இருக்கிறது. பழனி என்றால் கோயம்புத்தூர், மதுரை, திருச்சி மூன்றுமே சென்னையை விடப் பக்கம். சென்னையிலிருந்து பழனி 450 கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட்டில் இருநூறு ரிங்கிட் மிச்சம் பிடித்துவிட்டு, எழுபது வயசு பாட்டியை ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார வைப்பது மிச்சமா என்று யோசித்துப் பாருங்க.

இப்போது இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன்: பெயர். இது மலேசியத் தமிழர்களுக்கே உள்ள சிக்கல். நம் கடப்பிதழில் பெயர் ஒரே வரியில் இருக்கும். சொந்தப் பெயர், நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி, பிறகு அப்பா பெயர். குடும்பப் பெயர் என்று நமக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் விமான நிறுவனத்தின் படிவம் இரண்டு பெட்டிகளைக் காட்டி, ஒன்றில் சொந்தப் பெயர், இன்னொன்றில் குடும்பப் பெயர் என்று கேட்கும். சாய்கோட்டைப் போட்டால் படிவம் ஏற்காது. சிலர் அதற்காக ஏ, எல் இரண்டையும் அப்பா பெயரோடு ஒட்டி எழுதிவிடுகிறார்கள். வேறு சிலர் அப்பா பெயரையே விட்டுவிட்டு, சொந்தப் பெயரை இரண்டு பெட்டியிலும் போடுகிறார்கள்.

நான் செய்வது இதுதான். சொந்தப் பெயரை முதல் பெட்டியிலும் அப்பா பெயரை குடும்பப் பெயர் பெட்டியிலும் போடுவேன். ஏ/எல், ஏ/பி இரண்டையும் விட்டுவிடுவேன். பெரும்பாலான நிறுவனங்கள் இதை ஏற்கின்றன. எதற்கும் நீங்கள் எடுக்கும் நிறுவனத்தின் பெயர் விதியை அதன் இணையப் பக்கத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள். போகும் டிக்கெட், திரும்பும் டிக்கெட், இடையில் மாறும் விமானம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எழுத்துகளைக் கடப்பிதழைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும், வாயால் கேட்டு அடிக்கக்கூடாது. நம் அத்தை "லட்சுமி" என்றுதான் சொல்வார். கடப்பிதழில் அது எல்-ஏ-டி-சி-எச் என்று தொடங்கும், அடுத்த வீட்டு லட்சுமிக்கு எல்-ஏ-கே-எஸ். பிறப்புப் பத்திரம் எழுதிய குமாஸ்தா அன்றைக்கு எப்படிக் காதில் வாங்கினாரோ அதுதான் இன்றைக்கும் சட்டப்படி பெயர். படப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி அம்புக்குறிகளோடு இருக்கிறதே, இயந்திரம் படிப்பது அதைத்தான். அங்கே ஏ முதல் இஸட் வரையுள்ள எழுத்து, எண், அந்த அம்புக்குறி, இவை தவிர வேறெதுவும் இருக்காது. சந்தேகம் வந்தால் அந்த வரிகளைப் பாருங்கள்.

ஓரிரு எழுத்துப் பிழையை நிறுவனங்கள் திருத்திக் கொடுக்கும், சில நேரம் கட்டணம் வாங்கிக்கொண்டு. ஆள் மாறுவது போல் பெயர் மாறினால் பொதுவாக முடியாது, புது டிக்கெட்தான். ஆகவே பணம் கட்டியதும் வரும் மின்னஞ்சலை அன்றைக்கே திறந்து, கடப்பிதழைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அதே கையோடு கடப்பிதழ் காலாவதித் தேதியையும் பாருங்கள். இந்தியா இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கங்களும் வேண்டும்.

மலேசியர்களுக்கு இந்திய விசா கட்டாயம். சுற்றுலா இ-விசாவை இணையத்திலேயே எடுக்கலாம்: 30 நாள், ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று மூன்று வகை. தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் தரகர்களின் பக்கம், அரசாங்கப் பக்கத்தைப் போலவே அலங்கரித்து வைத்திருப்பார்கள். முகவரி ஜிஓவி புள்ளி இன் என்று முடிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மூடிவிடுங்கள். குறைந்தது நான்கு நாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நான் இரண்டு வாரம் வைத்துக்கொள்வேன், ஏனென்றால் பாட்டியின் படம் சதுரமாக இல்லை என்று திரும்பி வரும், கடப்பிதழ் நகல் 300 கேபிக்கு மேல் போய்விட்டது என்று இன்னொரு தடவை வரும். 30 நாள் விசாவுக்கு மட்டும் ரொம்ப முந்தியும் போட முடியாது, பயணத்துக்கு முந்திய 30 நாளுக்குள்தான். நிலையைப் பார்க்கும் பக்கத்தில் "கிராண்டட்" என்று வந்த பிறகே பெட்டி கட்டுங்கள், அதை அச்செடுத்துப் பெரியவர் கையில் கொடுங்கள். 2025 அக்டோபர் முதல் இந்தியா வெளிநாட்டவருக்கு இ-அரைவல் கார்டு வைத்திருக்கிறது. அது இலவசம், இறங்குவதற்கு 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அங்கே குடிநுழைவில் கைரேகை எடுப்பார்கள். ரப்பர் மரம் சீவிய கைகளில் ரேகை சீக்கிரம் விழாது, அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

விலையைப் பற்றி. தைப்பூசம், தீபாவளி, பள்ளி விடுமுறை, இந்த நாள்களில் மலிவு என்று ஒன்று கிடையாது. மற்ற நாள்களில் முதல் திரையில் தெரியும் தொகையை நம்பாமல், 20 கிலோ பெட்டி, இருக்கை, சாப்பாடு எல்லாம் சேர்த்து, பணம் கட்டும் கடைசித் திரையில் வரும் தொகையை ஒப்பிடுங்கள். ஒரு நுணுக்கம்: மலிவு விலையில் நான்கு இருக்கைதான் மிச்சம் என்றால், நீங்கள் ஆறு பேருக்குத் தேடும்போது கணினி ஆறு பேருக்கும் அடுத்த விலையைக் காட்டும். ஒருவருக்கு என்று தேடிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். நான்கு, இரண்டு என்று பிரித்து எடுக்கலாம். ஆனால் விமானம் ரத்தானால் இரண்டு பதிவும் தனித்தனியாகத்தான் நடத்தப்படும். பெரியவர்களைத் தனியாகப் பிரித்துப் போடாதீர்கள்.

பத்துப் பேருக்கு மேல் போகும் யாத்திரை என்றால் லிட்டில் இந்தியாவில் உள்ள முகவரிடம் போவதே எனக்குப் பிடிக்கும். குழு விலை அவர்களுக்குக் கிடைக்கும். முன்பணம் கொடுக்கும் முன் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று அமைச்சின் பக்கத்தில் சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் சாமி படம் போட்டு வரும் "புண்ணிய யாத்திரை, ஐந்து இடம்தான் பாக்கி" விளம்பரங்களுக்கு இந்த ஒரு கேள்வி போதும். முகவர் எடுத்தாலும் பதிவில் உங்கள் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். விமான நேரம் மாறினால் தகவல் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் போகும்.

மாறிப் போகும் பயணத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பினாங்கு–கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர்–திருச்சி வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. அதுவும் "கோலாலம்பூர்" என்றால் எந்த விமான நிலையம்? ஃபயர்ஃபிளை சுபாங்கில் இறக்கும், பாத்தேக் ஏருக்கும் சுபாங் விமானங்கள் உண்டு. திருச்சி விமானம் சிப்பாங்கில் இருக்கும். இடையே சாலையில் ஒரு மணி நேரம். சிப்பாங்கிலேயே இரண்டு முனையம்: ஏர் ஏசியா இரண்டில், மற்ற இரண்டும் ஒன்றில். ரயிலில் மூன்று நிமிடம்தான், ஆனால் பெட்டி எடுத்து, பாட்டியைக் கூட்டிக்கொண்டு, மறுபடி செக்-இன் வரிசையில் நிற்கும் நேரத்தை யார் கணக்கில் சேர்ப்பது? ஒரே பதிவில் முழுப் பயணமும் கிடைத்தால், கொஞ்சம் கூடுதல் என்றாலும் அதை எடுங்கள். இன்னொன்று, நள்ளிரவு 12.30 சனிக்கிழமை என்றிருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் படித்தவர்களே விழுந்திருக்கிறார்கள்.

சக்கர நாற்காலி. "எனக்கு எதுக்கு அது, நான் என்ன நோயாளியா?" என்று தாத்தா கோபப்படுவார். விமான நிலையத்தில் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும் என்று பக்குவமாகச் சொல்லிப் புரிய வையுங்கள். பதிவிலேயே கேட்கலாம், குறைந்தது 48 மணி நேரம் முன். படி ஏற முடியுமா, முடியாதா என்று சரியாகக் குறிப்பிடுங்கள், அதற்குத் தகுந்த உதவிதான் வரும். சைவச் சாப்பாட்டுக்கு ஏ.வி.எம்.எல். என்ற குறியீடு. ஹெச்.என்.எம்.எல். என்பதும் இந்து உணவுதான், ஆனால் அதில் மாட்டிறைச்சி இருக்காது என்றாலும் அசைவம் இருக்கும். பெயரைப் பார்த்து அதை அழுத்திவிட்டால் விரதத்தில் இருக்கும் அம்மாவுக்குக் கோழிக் குழம்பு வந்துவிடும்.

பூஜைச் சாமான். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள் என்று விமான விதியில் உள்ளது, கைப்பையிலும் கூடாது, பெரிய பெட்டியிலும் கூடாது. ஒரு கட்டி தானே என்று பாட்டி முடிச்சுக்குள் வைத்திருப்பார், கேட்டு வாங்கி வீட்டிலேயே வையுங்கள், அங்கே வாங்கிக்கொள்ளலாம். வேல், சூலம் போன்ற கூர்மையானவை பெரிய பெட்டியில். தீர்த்தம், எண்ணெய், நெய் கைப்பையில் என்றால் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும், அளவு 100 வாட்-மணிக்குள். 20,000 எம்ஏஹெச் என்றால் 3.7 வோல்ட்டில் 74, ஆகவே சரி.

ஐயப்ப சாமிமார்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். இருமுடியில் நெய்த் தேங்காயைக் கையோடு கொண்டுபோக இந்திய விமானப் பாதுகாப்புத் துறை சபரிமலைக் காலத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. 2024 அக்டோபரில் அறிவித்தது 2025 ஜனவரி 20 வரை. அது இந்திய விமான நிலையங்களில் ஏறுவோருக்கு, அதுவும் சோதனைக்குப் பிறகு. பாயான் லெப்பாஸில் அதைச் சொல்லி வாதாட முடியாது. அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துவிட்டு, முடிந்தால் அங்கே போய் இருமுடி கட்டுங்கள்.

விமானம் தாமதமானால் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். மலேசியாவில் 2016 முதல் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. இரண்டு மணி நேரம் தாண்டினால் சாப்பாடு கேட்கலாம். 2024 செப்டம்பரில் வந்த திருத்தத்தின்படி ஐந்து மணி நேரம் தாண்டினால் பயணத்தைக் கைவிட்டு, கட்டிய வழியிலேயே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கவுண்டரில் மரியாதையாக, ஆனால் விதியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தீராவிட்டால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் புகார் செய்யலாம். முன்பு அதைக் கவனித்த மாவ்கோம் 2025 ஆகஸ்ட் 1-இல் அதோடு இணைந்துவிட்டது.

பாயான் லெப்பாஸுக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள், கவுண்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடும். ஜெட்டியிலிருந்து கோம்தார் வழியாக 401இ பஸ் போகிறது. தொழிற்சாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்தச் சாலை நகராது.

திரும்பி வரும்போது பாட்டியின் பையை ஒருமுறை பாருங்க. கோயில் நந்தவனத்துத் துளசிக் கன்று, ஊர் மண், விதை ஏதாவது இருக்கும். அனுமதிக் கடிதம் இல்லாமல் கொண்டுவந்தால் அதிகாரிகள் எடுத்துவிடுவார்கள். விபூதி, குங்குமம், சாமி படம் தாராளமாக வரட்டும். துளசியைத் தண்ணீர்மலை அடிவாரத்தில் யாரிடமாவது கேட்டு வாங்கி, அவர் வந்து இறங்குமுன் தொட்டியில் நட்டு வையுங்கள்.