கப்பல் மேல் இறங்கிய விமானம்

விமானம் இறங்க ஓடுதளம் வேண்டும். பெரிய ஊர்களில் ஓடுதளம் இரண்டு, மூன்று கிலோமீட்டர் நீளம் இருக்கும். கடற்படை விமானமோ கப்பல் மேலேயே இறங்க வேண்டும். நம் கடற்படையின் விக்ரமாதித்யா பெரிய கப்பல். ஆனாலும் அதன் முழு நீளமே சுமார் 284 மீட்டர்தான். கப்பல் நகர்ந்துகொண்டே இருக்கும். அலையில் ஆடும். அதன் மேல் எப்படி இறங்குவது?

விமானத்தின் வால் பக்கம் அடியில் ஒரு கொக்கி உண்டு. கப்பல் தளத்தின் குறுக்கே எஃகு வடங்கள் கட்டியிருக்கும். விமானம் இறங்கும்போது கொக்கி வடத்தில் மாட்டிக்கொள்ளும். வடம் விமானத்தை இழுத்துப் பிடிக்கும். சில நொடிகளில் விமானம் நின்றுவிடும்.

கொக்கி மாட்டாவிட்டால்? விமானம் கடலில் விழுந்துவிடும். அதனால் தளத்தைத் தொட்டவுடன் விமானி வேகத்தைக் குறைக்கமாட்டார். கூட்டுவார். கொக்கி தவறினால் மறுபடி மேலே பறந்துவிடலாம்.

இப்படி ஒரு விமானத்தை நம் நாட்டிலேயே செய்ய முயன்றார்கள். தேஜஸ் என்ற போர் விமானத்தைக் கடற்படைக்காக மாற்றினார்கள். சக்கரக் கால்களைப் பலப்படுத்தினார்கள். கொக்கி பொருத்தினார்கள். 2012 ஏப்ரல் 27 அன்று பெங்களூரில் அது முதன்முதலாகப் பறந்தது.

பலம் கூடியது. எடையும் கூடியது. விமானத்துக்கு இருந்ததோ ஒரே இயந்திரம். எரிபொருளும் ஆயுதமும் நிறைய ஏற்றிக்கொண்டு கப்பலிலிருந்து கிளம்ப அதற்குச் சக்தி போதவில்லை. 2016இல் கடற்படை இந்த விமானம் தனக்கு ஏற்றதல்ல என்று சொல்லிவிட்டது.

ஆனால் வேலை நிற்கவில்லை. கோவாவில் கப்பல் தளத்தைப் போலவே தரையில் ஒரு தளம் கட்டியிருந்தார்கள். அங்கே திரும்பத் திரும்பப் பழகினார்கள். 2019 செப்டம்பர் 13 அன்று அங்கே கொக்கி வடத்தில் மாட்டி விமானம் நின்றது. 2020 ஜனவரி 11 அன்று விக்ரமாதித்யா கப்பலிலேயே இறங்கியது. விமானி ஜெய்தீப் மாவ்லங்கர். மறுநாள் கப்பலிலிருந்து கிளம்பியும் காட்டியது. 2023 பிப்ரவரி 6 அன்று கொச்சியில் கட்டிய விக்ராந்த் கப்பலிலும் இறங்கியது.

அந்த விமானம் படையில் சேரவில்லை. ஆனால் அதில் கற்றது வீண் போகவில்லை. இரண்டு இயந்திரம் உள்ள புதிய கடற்படை விமானத்தை வடிவமைக்க அந்த அனுபவம் கைகொடுத்தது.

பதில் சொல்லுங்கள்

1. விமானத்தின் கொக்கி எதற்குப் பயன்படுகிறது?
2. தளத்தைத் தொட்டதும் விமானி ஏன் வேகத்தைக் கூட்டுகிறார்?
3. கடற்படை ஏன் முதலில் இந்த விமானத்தை ஏற்கவில்லை?
4. உங்கள் தொழிலில் தோற்றுக் கற்றது எது? நாலு வரி எழுதுங்கள்.