பாப்பம்மாள் பாட்டியின் காணி



பயிற்சி வகுப்பு ஒன்றுக்காக அண்மையில் நான் கொழும்புக்குப் போயிருந்தேன். வகுப்பு நடந்தது வெள்ளவத்தையில். தங்கியது கொட்டாஞ்சேனையில், என் பெரியம்மா மகள் வீட்டில். அந்த ஒழுங்கையிலேயே நான் வேலை செய்யும் தோட்டத்து அம்மா ஒருவரும் இருக்கிறார் என்று தெரியவந்து போய்ப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்தவர். புருஷன் காலமாகிவிட்டார். மகள் வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். அம்மா வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கதைத்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று, “மிஸ், எனக்கு எத்தன வயசு?” என்று கேட்டார். அடையாள அட்டையில் ஒரு வருஷம் போட்டிருக்கிறது. ஆனால் அவருடைய தாயார், பெரிய மழை பெய்த வருஷம் பிறந்தவள் என்றுதான் சொல்லி வைத்தாராம். அது எந்த மழையோ! பிறகு அவர் சொன்னதுதான் என் மனசில் தங்கிவிட்டது. “மக நல்லாத்தான் பாக்குது மிஸ். ஆனா வெத்தல வாங்க ஒரு இருவது ரூபா வேணும்னாலும் அதுகிட்டதான் கேக்கணும். மலைக்குப் போற காலத்துல நான் யாருகிட்டயும் கேட்டதில்ல.”

அன்றிரவு எனக்கு பாப்பம்மாள் பாட்டியின் ஞாபகம் வந்தது. பெண்கள் வகுப்பில் நான் அடிக்கடி சொல்லும் கதை அவருடையது. கதை என்று சொன்னாலும் நடந்த உண்மை. இந்த முறை அவரையே பாடமாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் தேக்கம்பட்டி என்று ஒரு ஊர். பவானி ஆறு ஓடுகிற பக்கம். பாப்பம்மாள் சின்ன வயசிலேயே தாய் தகப்பனை இழந்தார். பாட்டிதான் எடுத்து வளர்த்தார். அந்தப் பாட்டிக்கு ஊரில் ஒரு சின்னக் கடை இருந்தது. பாட்டிக்குப் பிறகு கடை பாப்பம்மாள் கைக்கு வந்தது. பலசரக்கும் விற்றார், சாப்பாடும் போட்டார். நம்ம லயத்தில் சில பேர் வாசலில் வடை, கடலை விற்கிறார்கள் இல்லையா, அதிலிருந்து இரண்டு படி மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வந்த காசை அவர் நகையாக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஏறக்குறைய 10 ஏக்கர் காணி வாங்கினார். சோளம், பயறு வகை, காய்கறி, பிறகு வாழை என்று பயிர் செய்தார். தமக்குப் பிள்ளை இல்லாததால் தங்கச்சியின் பிள்ளைகளை வளர்த்தார்.

விவசாயத்தை அவர் வெறும் பழக்கத்தினால் மட்டும் செய்யவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே விவசாயிகளுக்கு நடத்தும் கூட்டங்களுக்கும் வகுப்புகளுக்கும் பாப்பம்மாள் தவறாமல் போவார். போய்ச் சும்மா கேட்டுக்கொண்டும் இருக்க மாட்டாராம். கேள்வி கேட்பார், விவாதம் பண்ணுவார். இரசாயன உரம் போடாத இயற்கை விவசாயத்தில் அவர் பெயர் பெற்றது இப்படித்தான். நம்ம பக்கம் வகுப்பு என்று கூப்பிட்டால், “எனக்கு எழுத்து வராது மிஸ், நான் எதுக்கு?” என்று பின்வாங்குகிற அம்மாமாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வகுப்புக்கு வர வாயும் காதும் போதும்.

1959ஆம் ஆண்டு பாப்பம்மாள் தேக்கம்பட்டி ஊராட்சிக்கு உறுப்பினராகத் தெரிவானார். பிறகு காரமடை ஊராட்சி ஒன்றியத்திலும் உறுப்பினராக இருந்தார். அரசியல் கட்சியிலும் பல காலம் இருந்தவர். அந்த 1959ஐ கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தினால் மலையகத்தில் நம்ம பாட்டிமாரில் பெரும்பாலானவர்களுக்கு அப்போது வோட்டே கிடையாது. ஆற்றங்கரை ஊரில் ஒரு பெண் சபையில் உட்கார்ந்து ரோட்டையும் தண்ணீரையும் பற்றிப் பேசிய காலத்தில், நம்ம பாட்டிமார் எந்த நாட்டுக்காரர் என்றே முடிவாகாமல் கூடை சுமந்தார்கள். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்து நிறையப் பேரைக் கப்பல் ஏற்றியது. மிச்சமிருந்தவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஓரளவு முடிந்தது. அதற்குப் பிறகும் பிரதேச சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டத்தில் தடை இருந்தது. அது 2018இல்தான் திருத்தப்பட்டது. அதே 2018 பெப்ரவரியில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் இருந்து சபைகளில் நூற்றுக்கு 25 பெண்கள் இருக்க வேண்டும் என்றும் ஆனது. ஆகவே, “நமக்கு ஏன் மிஸ் சபையும் கிபையும்” என்று இனிமேல் என்னிடம் சொல்லாதீர்கள்.

வயது எண்பதைத் தாண்டியபோது பாப்பம்மாளால் எல்லாக் காணியையும் கவனிக்க முடியவில்லை. ஒரு பகுதியை விற்றார். ஆனால் முழுவதையும் விற்கவில்லை. இரண்டரை ஏக்கரைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். நூறு வயது தாண்டியும் காலையில் எழும்பி அந்த இரண்டரை ஏக்கருக்குத்தான் போனார்.

2021 ஜனவரியில் இந்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 105 என்று எழுதினார்கள். அடுத்த மாதம் கோயம்புத்தூருக்கு வந்த இந்தியப் பிரதமர் அவரைச் சந்தித்தார். 2024 செப்டெம்பர் 27ஆம் திகதி பாட்டி காலமானார். 108 வயது என்று சில பத்திரிகைகள் போட்டன, 109 என்று சில போட்டன. நாட்டின் பெரிய விருது வாங்கியவருக்கே வயதுக் கணக்கில் ஒரு வருஷம் இரண்டு வருஷம் இழுபறி. கொட்டாஞ்சேனை அம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

இவ்வளவு காலம் எப்படி வாழ்ந்தார் என்று வகுப்பில் எல்லோரும் கேட்பார்கள். அவரிடமும் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். வேலை செய்வதை விடவில்லை. வெந்நீர் குடிப்பார். இலையில் சாப்பிடுவார். ஆட்டிறைச்சி பிரியாணி மிகவும் பிடிக்கும். பிரியாணியை மட்டும் பிடித்துக்கொண்டு யாரும் ஓடிவிடாதீர்கள்! நம்மில் பலர் வெறும் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மலைக்குப் போகிறோம். இரத்தம் குறைந்து, நாற்பது வயதிலேயே மூச்சு வாங்குகிறது. மாதத்துக்கு ஒரு தரமாவது தோட்ட வைத்தியசாலையில் பிறஷர் பாருங்கள். அதைவிட என் எண்ணம் வேறு. அவர் எண்பதிலும் தொண்ணூறிலும் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்தாரே, அதுவும் ஒரு மருந்துதான்.

நம்ம அம்மாமாருக்கு 10 ஏக்கர் எங்கே கிடைக்கும் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கிடைக்காதுதான். தோட்டத்துக் காணி நமது இல்லை. புதிய வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் கிடைத்தவர்களும் எல்லோரும் இல்லை. ஆனால் முப்பது வருஷம் மலையில் நின்ற ஒரு பெண்ணுக்குச் சேர்ந்திருக்கும் பணமும் ஒரு காணிதான். அது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாமல் இருப்பதுதான் நம்ம பிரச்சினை.

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிக்கிறார்கள். தோட்டம் தன் பங்காக 12 போட வேண்டும். இதற்குப் புறம்பாக ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3 போட வேண்டும். அது உங்களிடம் பிடிப்பதில்லை. வேலையிலிருந்து நின்ற பிறகு பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். மூன்றாவது, சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருஷமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு, நாட்சம்பளக்காரர் என்றால் ஒரு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். கணக்குப் பார்க்க லேசாக இருக்கட்டும் என்று நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். முப்பது வருஷம் என்றால் 420 நாள் சம்பளம், அதாவது 4,20,000 ரூபா. வேலை நின்று 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனை அம்மாவின் படிவங்களை நிரப்பியது நான்தான். அவர் கைநாட்டு வைத்தார். பணம் வந்தது. மகனுக்கு முச்சக்கரவண்டி, மகளின் கல்யாணக் கடன், கோயில் திருவிழாவுக்குக் கொஞ்சம் என்று ஆறு மாதத்தில் கரைந்துவிட்டது. முச்சக்கரவண்டியும் இப்போது இல்லை. நான் அன்றைக்கு, “அம்மா, உங்க பேருல பேங்குல ஒரு பகுதிய போட்டு வைங்க” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. படிவத்தில் எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்ததோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பாப்பம்மாள் விற்ற பிறகும் இரண்டரை ஏக்கர் வைத்துக்கொண்டார். இந்த அம்மாவுக்கு அரை ஏக்கர்கூட மிஞ்சவில்லை.

பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கொடுக்காமல் எந்தத் தாயால் இருக்க முடியும்? எல்லாவற்றையும் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு பகுதியை உங்கள் பெயரில் மட்டும் கணக்கில் போடுங்கள். மாதா மாதம் வரும் வட்டி வெற்றிலைக்கும் மருந்துக்கும் ஆகும். மாடு வளர்க்க இடமும் உடம்பும் உள்ளவர்கள் ஒரு நல்ல பசு வாங்கலாம். ஆனால் பால் காசு யார் கைக்கு வருகிறது என்று முதலிலேயே வீட்டில் பேசிவிடுங்கள். புல் அறுப்பது அம்மா, பால் காசு வாங்குவது ஐயா என்ற கதை எனக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கெல்லாம் முன்னால் கடதாசி வேலை ஒன்று இருக்கிறது. செக்ரோலில் முத்தம்மா, அடையாள அட்டையில் முத்தம்மாள், பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர் என்று இருந்தால் பணம் தாமதமாகும். வேலையில் இருக்கும்போதே இவற்றை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். தேவையென்றால் சத்தியக்கடதாசி முடிக்கலாம். பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் கிராம உத்தியோகத்தரைக் கண்டு, பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பதிவு பற்றிக் கேளுங்கள். அதற்கும் வழியில்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கிறது. உங்கள் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி, பிள்ளையின் சுகாதார அட்டை இருக்கும் பையிலேயே வையுங்கள். உங்களுக்குப் பிறகு பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று பெயர் கொடுத்த படிவத்தையும் ஒருமுறை பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்த பெயரே இன்னும் கிடக்கலாம்.

கொழும்பிலிருந்து வெளிக்கிடும் நாளில் அந்த அம்மா பஸ் வரைக்கும் வந்தார். பக்கத்து வீட்டுக்காரி கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறாளாம். விடியற்காலையில் மா குழைக்க ஒரு கை தேவையாம். “நானும் போகட்டுமா மிஸ்?” என்று கேட்டார். எவ்வளவு தருவார்கள் என்று முதலில் பேசிக்கொண்டு போகச் சொன்னேன். போன கிழமை தொலைபேசி எடுத்தார். மகளிடம் கேட்காமல் வெற்றிலை வாங்கினாராம். சுண்ணாம்பு மட்டும் கொழும்பில் சரியில்லையாம், அடுத்த முறை வரும்போது தோட்டத்திலிருந்து கொண்டுவரச் சொன்னார்.