தாழ்த்திய காரும் பின்பிரேக்கும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிங்கப்பூரில் பத்து வயதைத் தாண்டிய காரை வைத்திருப்பவர், சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பிக்கப் பெருந்தொகை கட்டியே அதை வைத்திருக்கிறார். அந்தப் பிரியத்தில் சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ உள்ள பட்டறையில் ஸ்பிரிங்கை மாற்றி, காரை 30, 40 மில்லிமீட்டர் தாழ்த்திக்கொள்கிறார். அதில் தவறில்லை. ஆனால் அங்கே டயர், ரிம், அலைன்மென்ட் பற்றியெல்லாம் பேச்சு நடக்கும். பின்பிரேக் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தில் சில நம்பிக்கைகள் வேரூன்றிவிட்டன.

“கார் தாழ்ந்தால் எடை முன்னால் சாயாது. அதனால் பின்பிரேக் கூடுதலாகப் பிடித்தாலும் தாங்கும்.”

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 கிலோ கார், முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2.5 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர். புவியீர்ப்பில் 0.8 பங்கு அளவுக்கு அழுத்திப் பிரேக் பிடித்தால் சுமார் 192 கிலோ எடை பின்னிலிருந்து முன்னுக்குப் போகும். காரை 30 மில்லிமீட்டர் தாழ்த்திய பிறகு அதே பிரேக்கில் 180 கிலோ போகும். கிடைத்த லாபம் 12 கிலோ, 25 கிலோ அரிசி மூட்டையில் பாதிகூட இல்லை. இதை நம்பிப் பின்சக்கரத்துக்கு வேலையைக் கூட்டவே கூடாது.

பின்சக்கரம் முந்திப் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பூட்டிய டயருக்குப் பக்கவாட்டுப் பிடி போய்விடும். முன்சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங் கேட்காது, ஆனால் கார் ஏறக்குறைய நேராகவே போய் நிற்கும். பின்சக்கரம் பூட்டினாலோ வால் முன்னால் வரப் பார்க்கும். தீவு விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டரில் அப்படி நடந்தால் சாதாரண ஓட்டுநரால் காரைத் திரும்பப் பிடிக்க முடியாது. ஐ.நா.வின் பயணிகள் கார் பிரேக் விதியான 13-எச், சாதாரணப் பிரேக்கிலிருந்து அவசரப் பிரேக் வரை பின்சக்கரம் முன்சக்கரத்தை முந்திப் பூட்டக்கூடாது என்று கேட்பது இதனால்தான்.

“பிரேக்கைத் தொடவே இல்லை, ஸ்பிரிங்தானே மாற்றினோம்?”

எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை இது. பழைய கார்கள் சிலவற்றையும் பல வேன்களையும் லிஃப்டில் ஏற்றிப் பின் அச்சுக்கு மேலே பார்த்தால், பிரேக் குழாய்கள் போய்ச் சேரும் உள்ளங்கை அளவு உலோகக் கட்டி ஒன்று தெரியும். அதிலிருந்து ஒரு கம்பியோ சிறு ஸ்பிரிங்கோ அச்சுக்கு இறங்கும். எல்எஸ்பிவி, அதாவது சுமையை உணரும் பிரேக் வால்வு, என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். இரண்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபின் பல மாடல்களிலும் டொயோட்டாவின் பல வேன், பிக்கப்களிலும் இது உண்டு. பின்னால் சரக்கு ஏறினால் உடல் அமர்ந்து அச்சுக்கு நெருங்கும். கம்பி நகரும். வால்வு பின்பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். சரக்கு இறங்கினால் குறைக்கும்.

இந்த வால்வுக்கு எடை தெரியாது, உயரம்தான் தெரியும். காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால், வண்டி நிறையச் சுமை ஏறியிருக்கிறது என்றே அது எடுத்துக்கொள்ளும். காலிக் காருக்கு, முழுச்சுமைக்கு உரிய பின்பிரேக்கைக் கொடுத்துவிடும். பிரேக்கை யாரும் தொடவில்லை என்பது உண்மைதான். பிரேக் மாறிவிட்டது என்பதும் உண்மை.

லிட்டில் இந்தியாவில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். தேக்கா சந்தைக்குக் காலையில் காய்கறியும் தேங்காயும் ஏற்றி வந்து, மதியம் காலியாகத் திரும்பும் வேன்களுக்காகவே இந்த வால்வு பிறந்தது என்று சொல்லலாம். சுமையில் வண்டி அமர்கிறதென்று பின் ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் கூடுதலாகப் போட்டால் உடல் உயர்ந்து நிற்கும். அப்போது சரக்கு நிறைந்திருந்தாலும் வால்வு வண்டியைக் காலி என்றே கணிக்கும். பின்பிரேக் சோம்பிவிட, முன்பிரேக் பேட் சீக்கிரம் தேயும், நிற்கும் தூரமும் கூடும்.

“மழையில் பிரேக் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.”

ஈரச் சாலையில் டயருக்குப் பிடி குறைவு. அதனால் காரின் வேகம் மெதுவாகவே குறையும், எடையும் குறைவாகவே முன்னால் சாயும். பின்சக்கரத்தில் பாரம் மிச்சம் இருக்கும்போது முன்சக்கரமே முந்திப் பூட்டலாம். உலர்ந்த சாலையில் முழுப் பலத்தோடு மிதிக்கும்போதுதான் பின்பக்கம் லேசாகி வால் நழுவும். மழைச் சோதனை தந்த நிம்மதியை வெயில் நாளில் நம்ப முடியாது.

“இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ் ஆகிவிட்டது.”

பத்து வயதுக்கு மேற்பட்ட கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகிறது. அங்கே உருளைகள் மெதுவாகச் சுழல, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையோடு பிடிக்கிறது, இடமும் வலமும் ஒத்திருக்கிறதா என்று அளக்கிறார்கள். மிகவும் தேவையான சோதனை. ஆனால் ஓடும் காரின் எடைச் சாய்வு அந்த உருளையில் வராது. எந்த அச்சு முந்திப் பூட்டும் என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது.

ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கினால் பின்பிரேக் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. டிரம் பிரேக்கில் முதலில் ஷூவைத்தான் சரிசெய்ய வேண்டும். கேபிள் இழுத்தபடியே நின்றால் தானாகச் சரிசெய்யும் பொறி வேலை செய்யாமல் போகும்.

எல்லாக் காருக்கும் இந்தக் கவலை இல்லை. 1990களின் ஹோண்டா சிவிக் போன்றவற்றில் வால்வு எஞ்சின் அறையில் நிலையாக இருக்கிறது. உயரம் அதைப் பாதிக்காது. ஏபிஎஸ்ஸுடன் ஈபிடி எனும் மின்னணு பிரேக் விசைப் பகிர்வு உள்ள கார் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுப் பின்பிரேக்கை அடக்கிக்கொள்ளும்.

அச்சோடு கம்பியால் இணைந்த வால்வு இருந்தால், காரைத் தாழ்த்துவதற்கு முன்பே கம்பி நிற்கும் நிலையைப் படம் எடுத்து, அச்சிலிருந்து உடல் வரை அளந்து வையுங்கள். தாழ்த்திய பிறகு, காலிக் காரில் கம்பி பழைய கோணத்துக்கே வரும்படி அதன் நீளத்தையோ பிராக்கெட்டையோ மாற்ற வேண்டும். அதுவும் பாதி வேலைதான். முன்னும் பின்னும் அழுத்தமானி பொருத்தி, தயாரிப்பாளர் சொன்ன பின்னச்சுப் பாரத்தில், முன் அழுத்தம் இவ்வளவு இருக்கும்போது பின் அழுத்தம் இவ்வளவு வருகிறதா என்று கையேட்டோடு ஒப்பிடுவதே முழு வேலை. எந்தப் பக்கம் திருப்பினால் அழுத்தம் கூடும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும், ஊகித்துத் திருப்பக்கூடாது. ஜோகூர் பாருவில் வேலை கொடுத்தாலும் அழுத்தமானி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் இன்னும் சில மில்லிமீட்டர் அமரலாம். அப்போது இன்னொரு முறை அளந்து பார்க்க வேண்டும்.