உறைய வைத்த கருவும் தம்பதியர் சம்மதமும்

பிள்ளைச் செல்வம் அல்லாஹுத் தஆலா அருளும் பெரும் நிஃமத்து. அது தாமதப்படும்போது ஆகுமான மருத்துவத்தை நாடுவதில் குற்றமில்லை. 1978-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. 1984-இல், உறைய வைத்த கருவிலிருந்து முதல் குழந்தை ஆஸ்திரேலியாவில் பிறந்தது. இன்று நம் சமூகத்திலும் இச்சிகிச்சையை நாடுவோர் உண்டு. கருவை உறைய வைத்த பிறகு கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டால் அக்கரு யாருடையது? இதைச் சிகிச்சைக்கு முன்பே சிந்திப்பது நலம் என்று கருதி இப்பாடத்தை எழுதுகிறோம்.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். மனைவியின் சினைமுட்டைகளை எடுத்து, கணவனின் விந்துடன் ஆய்வுக்கூடத்தில் சேர்க்கிறார்கள். ஒரே தடவையில் பல கருக்கள் உண்டாகலாம். ஒன்றிரண்டைக் கருப்பையில் வைத்துவிட்டு, மீதியைத் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் பாதுகாக்கிறார்கள். கரு அங்கே ஆண்டுக்கணக்கில் மாறாது இருக்கும். மனிதர் மனம் அப்படி இருப்பதில்லை. ஆகவேதான் வழக்குகள் எழுகின்றன. அவற்றுள் மூன்றைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் நடந்தது டேவிஸ் வழக்கு. விவாகரத்தின்போது 7 கருக்கள் உறைநிலையில் இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று எழுத்தில் எதுவும் இல்லை. 1989-இல் கீழ்க்கோர்ட்டு அவற்றை மனைவியிடம் ஒப்படைக்கச் சொன்னது. பிறகு அம்மாது மறுமணம் செய்துகொண்டு, கருக்களை வேறொரு தம்பதிக்குத் தானமாகக் கொடுக்க விரும்பினார். 1992-இல் மாநில உச்ச நீதிமன்றம் முன்னாள் கணவர் பக்கம் தீர்ப்பளித்தது. முன்பே செய்த ஒப்பந்தம் இருந்தால் அதன்படி நடக்க வேண்டும். இல்லையேல் இருவர் நலனையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். மற்றவருக்கு வேறு வழியில் பிள்ளைப் பேறு கிட்டக்கூடுமானால், பெற்றோராக விரும்பாதவரின் சொல்லே பொதுவாக நிற்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இங்கிலாந்தின் எவன்ஸ் வழக்கு மனத்தை உருக்குவது. ஒரு மாதின் இரு சினைப்பைகளிலும் கட்டி இருப்பது 2001-இல் தெரியவந்தது. சினைப்பைகளை அகற்றுமுன் அவருடைய முட்டைகளை எடுத்து, உடன் வாழ்ந்தவரின் விந்துடன் சேர்த்து 6 கருக்களை உறைய வைத்தார்கள். முட்டையைத் தனியாக உறைய வைக்கலாமா என்றும் அவர் கேட்டார். அவ்வசதி அங்கில்லை என்றார்கள். மறு ஆண்டு இருவரும் பிரிந்தனர். ஆடவர் தம் சம்மதத்தை மீட்டுக்கொண்டார். கருப்பையில் வைக்கும் வரை இருவரில் யாரும் சம்மதத்தை மீட்கலாம் என்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டம். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. 2007-இல் அதன் பேராயம் 13-க்கு 4 என்ற கணக்கில் அம்மாதின் முறையீட்டைத் தள்ளியது. தம் வயிற்றுப் பிள்ளைக்கு அவருக்கிருந்த கடைசி வழி அடைபட்டது.

இஸ்ரேலின் நஹ்மானி வழக்கிலோ முடிவு நேர்மாறானது. அங்கே மனைவி நோயினால் கருப்பையை இழந்தவர். வாடகைத் தாய் மூலம் பிள்ளை பெற எண்ணியிருந்தார். கணவர் பிரிந்து சென்று சம்மதம் மறுத்தார். 1995-இல் உச்ச நீதிமன்றம் கணவர் பக்கம் நின்றது. 1996-இல் 11 நீதிபதிகள் மறுபடி விசாரித்து, 7-க்கு 4 என மனைவி பக்கம் தீர்ப்பளித்தனர்.

ஒரே விதமான துயரம், நாட்டுக்கொரு தீர்ப்பு. அப்படியானால் நமக்கு வழிகாட்டி எது?

நம் ஷரீஅத்தில் நிக்காஹ் என்ற ஒப்பந்தமே வாசற்கதவு. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதெமி 1986-இல் அம்மானில் கூடியபோது, கணவனின் விந்தையும் மனைவியின் முட்டையையும் சேர்த்து அதே மனைவியின் கருப்பையில் வைப்பதைத் தேவையின்பேரில் ஆகுமாக்கியது. பிறர் வித்தையும் பிறர் கருப்பையையும் விலக்கியது. 1990-இல் ஜித்தாவில் கூடியபோது, தேவைக்கு மிஞ்சிய முட்டைகளைக் கருவாக்காதிருக்கவும், மிஞ்சிவிட்டால் மருத்துவப் பராமரிப்பின்றி இயல்பாக முடிய விட்டுவிடவும், ஒருவர் கருவை மற்றொரு மாதிடம் வைக்காதிருக்கவும் தீர்மானித்தது. நஸபு, அதாவது வம்சவழி, கலந்துவிடலாகாது என்பதே இதன் அடிப்படை.

ஆகவே தலாக் முழுமையாகி இத்தாவும் கழிந்துவிட்டால், முன்னாள் கணவர் இணங்கினாலும் அக்கருவை அம்மாது சுமக்க இயலாது. சம்மதக் கையெழுத்து, அறுந்த நிக்காஹின் இடத்தை நிரப்பாது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருப்பதனாலேயே நம் பொறுப்பு கூடுகிறது. கடைசி வழியை இழக்கும் மாதின் கண்ணீருக்கு, ‘இதுதான் சட்டம்’ என்று மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. அக்கண்ணீரைத் தடுக்கும் காலம் சிகிச்சைக்கு முந்திய காலமே.

கடனைக்கூடச் சாட்சி வைத்து எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் நமக்குக் கற்பிக்கிறது. கூட்டு வியாபாரம் தொடங்கும் நாளிலேயே, பிரிய நேர்ந்தால் கணக்கு எப்படி என்று பேசுகிறோம். அதைச் சந்தேகம் என்று எவரும் சொல்வதில்லை. பிள்ளை விஷயத்தில் மட்டும் அப்பேச்சுக்கு ஏன் கூசவேண்டும்?

நாம் கவனிக்க வேண்டியவை நான்கு:

1. தேவையான அளவுக்கே கருக்களை உண்டாக்குமாறு வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

2. சம்மதப் படிவத்தை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். பிரிவோ மௌத்தோ நேர்ந்தால் கரு என்னவாகும் என்ற பகுதியை ஆலிமிடம் காட்டிய பின் கையெழுத்திடுங்கள்.

3. நோயினால் சினைப்பையை இழக்கவிருக்கும் மாதர், முட்டையைத் தனியாக உறைய வைப்பது பற்றியும் விசாரியுங்கள். கருவில் இருவர் பங்கு உண்டு. முட்டை அவருடையது மட்டுமே. சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல், 21 வயதிலிருந்து 37 வயது வரை உள்ள பெண்கள் மருத்துவக் காரணமின்றியும் முட்டையை உறைய வைக்கலாம். சட்டப்படி மணமானவரே அதைப் பயன்படுத்த முடியும். மார்க்க நிலையை ஆலிமிடம் கேட்டுத் தெளிக.

4. பிரிவு வந்துவிட்டால் அழகிய முறையில் பிரியுங்கள். மஹரையோ சொத்தையோ பேரம் பேசக் கருவைப் பிணையாகப் பிடித்து வைப்பது பெரும் அநியாயம். அது கணவருக்கும் ஆகாது, மனைவிக்கும் ஆகாது.

கரு நம் கையில் உள்ள சரக்கல்ல, அமானிதம். அமானிதத்தை ஏற்குமுன் அதன் நிபந்தனைகளை அறிந்துகொள்வது மூமினுக்கு அழகு. பிள்ளை வேண்டிக் கையேந்தும் ஒவ்வொரு தம்பதிக்கும் வல்ல நாயன் ஸாலிஹான மக்களையும், பிரியாத இல்லறத்தையும் அருள்வானாக! ஆமீன்.