பச்சைக் குழந்தையும் பச்சை உடம்புத் தாயும்

குடும்ப வாழ்வுப் பாடம்

வாசிக்க வேண்டிய வேதபகுதிகள்: லூக்கா 1:39-56; 2:1-7, 22-24; மத்தேயு 2:13-15; யோவான் 16:21.

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் பிள்ளையைப் பார்க்கிறார்கள். மூக்கு தகப்பனுடையதா, நெற்றி அம்மம்மாவுடையதா என்று வழக்காடுகிறார்கள். கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார்கள். ஆனால் அக்குழந்தையைச் சுமந்து பெற்றவளை எத்தனைபேர் உற்றுப் பார்க்கிறார்கள்? "பிள்ளை சுகமோ?" என்று கேட்பவர்கள் பலர், "நீ சுகமோ பிள்ளை?" என்று கேட்பவர்கள் சிலரே. இன்றைய பாடம் அவளைப் பற்றியது. புதிதாகத் தாயானவளும், அவளுடைய கணவனும், இரு பக்கத்துப் பெரியோரும் ஒன்றாக இருந்து இதனை வாசிப்பது நலம்.

1. மகிழ்ச்சியும் அல்லலும் ஒரே மடியில்

பிரசவ வேதனைப்படும் பெண்ணின் துன்பத்தையும், பிள்ளை பிறந்தபின் அவள் அடையும் மகிழ்ச்சியையும் நம் ஆண்டவர் தமது இறுதி இராவுணவில் சீடர்களுக்கு உவமையாகக் காட்டினார். அந்த மகிழ்ச்சி மெய்யானது. ஆனால் அதற்குப் பின்வரும் நாட்கள் எப்படிப்பட்டவை என்பதை ஒவ்வொரு தாயும் அறிவாள்.

இப்போதுதான் துணி மாற்றிக் கிடத்தினாள். அடுத்த நிமிடமே அதுவும் நனைந்துவிடுகிறது. கோவிலுக்கென்று எடுத்து உடுத்த சேலையின் தோளிலே பிள்ளை பாலைக் கக்கிவிடுகிறது. ஊற்றி வைத்த தேநீர் ஆறி ஆடை படர்ந்து கிடக்கிறது. பிள்ளை அழுதது என்று ஓடியவள் திரும்பி வரும்போது சோறு அடிப்பிடித்திருக்கிறது. மாரி காலமானால் துணி காயாது. வீடெங்கும் கொடி கட்டிச் சின்னஞ்சிறு துணிகள் தொங்குகின்றன. பகல் முழுவதும் ஏணையிலே தூங்கிய செல்வம், ஊர் அடங்கிய பின்னர்தான் கண்ணை விழித்து உலகத்தை ஆராயத் தொடங்குகிறது.

இவற்றில் எதுவும் தாயின் குறை அன்று. புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. அந்த ஒழுங்கு அமைய இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். இரைப்பையின் வாய் இன்னும் இறுகாதபடியால் சிறிது பால் திரும்பி வருவது இயல்பு. பாலூட்டியபின் தோளில் சாய்த்துச் சற்றுநேரம் வைத்திருந்தால் குறையும். அழுகையோ ஆறாவது வாரமளவில் உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தணிந்துவிடும். பொறுமை எல்லை மீறும்போது பிள்ளையைக் குலுக்குதல் ஒருபோதும் கூடாது. அது மூளையைக் காயப்படுத்தி உயிருக்கே ஆபத்தாகலாம். பிள்ளையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் அப்பால் சென்று மூச்சு விட்டு வருவது பாவமல்ல, புத்தி.

மகிழ்ச்சிகளும் அதே மடியிலேயே கிடைக்கின்றன. பிறந்த குழந்தையின் கண் 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ளதையே ஓரளவு தெளிவாகக் காணும். பாலுண்ணும் பிள்ளைக்கும் தாயின் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் அதுவே! படைத்தவர் பிள்ளைக்கு முதன்முதல் காட்ட விரும்பிய காட்சி தாய்முகம் போலும். ஆறு முதல் எட்டு வாரங்களில் அப்பிள்ளை அம்முகத்தைப் பார்த்துப் பொக்கைவாய் திறந்து சிரிக்கும்போது, முன்னைய இரவுகளின் கணக்கு அழிந்துவிடுகிறது.

2. "பால் காணாது" என்னும் பேச்சு

இளந்தாயை மிகவும் கலங்கச் செய்வது இந்த ஒரு சொல்லே. பிள்ளை அழுதவுடன், "பால் காணாது பிள்ளை, போத்தலிலை குடுத்துப் பார்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். இங்கே உண்மையை அறிந்துகொள்ளல் அவசியம்.

பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் போதனை. முதல் நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடுவது பெரும் நட்டம். நோயைத் தடுக்கும் சத்து அதிலேதான் மிகுதி. பச்சைக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை வரை பால் கேட்பது வழக்கம். அடிக்கடி கேட்பது பால் குறைவின் அடையாளம் அன்று. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சவே பால் சுரக்கும். போத்தலைக் கொடுத்தால் உறிஞ்சல் குறையும், உறிஞ்சல் குறையச் சுரப்பும் குறையும். பயமும் மனக்கலக்கமும் பால் இறங்குவதைத் தடுக்கக்கூடியவை. எனவே, "காணாது, காணாது" என்று சொல்லுகிறவர்களே அதனைக் காணாமற் செய்துவிடுகிறார்கள்.

பால் போதுகிறதா என்று அறிய வழி எளிது. முதல் வாரத்தின் முடிவிலிருந்து நாளொன்றுக்கு ஆறு தடவையாவது பிள்ளை சிறுநீர் கழிக்கிறதா? முதல் நாட்களில் சற்றுக் குறைந்த நிறை இரண்டு வாரமளவில் திரும்ப வந்துவிட்டதா? ஆம் எனில் கவலை வேண்டாம். ஐயமிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கவேண்டும். நம் நாட்டில் அவர்கள் வீடு தேடி வருபவர்கள். முதல் பத்து நாட்களுக்குள்ளேயே இரு தடவை வந்து பார்ப்பது அவர்களது கடமை ஒழுங்கு. அவர்களுக்குப் படலையைத் திறந்து வைப்போம். முயன்றும் பாலூட்ட இயலாத தாய்மாரும் உளர். அவர்களைக் குறைவாக நோக்க எவருக்கும் உரிமை இல்லை. மருத்துவ ஆலோசனைப்படி பிள்ளையை வளர்க்கட்டும்.

3. பெரியோர் சொல்: கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும்

மரியன்னை எலிசபெத்தம்மாளின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்று புனித லூக்கா எழுதுகிறார். பிள்ளைப்பேற்று வீட்டுக்கு உதவிக்குப் போவது நமது பண்பாடு மட்டுமல்ல, சுவிசேஷப் பண்பாடுமாகும். அம்மம்மாவும் அப்பம்மாவும் செய்யும் பணிக்கு ஈடு ஏது? கொத்தமல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி சேர்த்து அரைத்த சரக்குக் கறியும், பால் சுறாவும், முருங்கையிலையும் தாயின் உடலைத் தேற்றும் நல்லுணவுகள். அவை நிலைக்கட்டும்.

ஆனால் சில வழக்கங்களை அன்போடு விட்டுவிடல் வேண்டும். தாய்க்குத் தண்ணீர் குறைத்துக் கொடுத்தல் கூடாது. பாலூட்டுபவளுக்குத் தாகம் அதிகம். பிள்ளையின் நாவில் சீனித் தண்ணீரோ தேனோ வைத்தல் கூடாது; ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது கொடிய நஞ்சு நோயை உண்டாக்கலாம். தொப்புளில் தூளோ சாம்பலோ இடாமல், அதனைச் சுத்தமாக, காய்ந்தபடி வைத்திருத்தலே மருந்து. கதவைச் சாத்திச் சாம்பிராணிப் புகை நிரப்புவது சின்னஞ்சிறு சுவாசப்பைக்குத் தீங்கு.

மருமகளே, மறுத்துச் சொல்லும்போது, "உங்களுக்கு ஒண்டும் தெரியாது மாமி" என்று சொல்லாதே. "கிளினிக்கிலை இப்பிடிச் சொன்னவை மாமி, அதையே செய்து பாப்பம்" என்று சொல்லிப்பார். மாமியாரே, நீங்களும் ஒரு நாள் அந்தப் பாயிலேயே விழித்திருந்து கண்ணீர் விட்டவர் அன்றோ? அதனை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. காரணம் தெரியாத கண்ணீர்

எல்லோரும் மகிழ்ந்திருக்க, பிள்ளை பெற்றவள் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிறாள். "இந்தக் குறை இல்லாத பிள்ளையைப் பெற்றுவிட்டு ஏன் அழுகிறாய்?" என்று கேட்டால் அவளுக்கே விடை தெரியாது. பிரசவத்தின் பின் உடலிலே நிகழும் பெரும் மாற்றத்தினாலும் நித்திரைக் குறைவினாலும் இரண்டாம் மூன்றாம் நாளளவில் இத்தகைய கண்ணீர் பெரும்பாலான தாய்மாருக்கு வருகிறது. இரண்டு வாரத்துக்குள் தானே நீங்கிவிடுகிறது. ஆறுதலும் ஓய்வுமே வேண்டியவை.

ஆனால் இரண்டு வாரம் கடந்தும் துயரம் நீங்காவிடில், பிள்ளை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராவிடில், பிள்ளையிடத்திலே பற்று வரவில்லை என்று அவள் கலங்கினால், அது நோய். உலகில் பிள்ளை பெற்ற தாய்மாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேருக்கு இந்நோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது விசுவாசக் குறைவன்று, பேய்ப்பிடியன்று, நன்றி கெட்ட தனமுமன்று. காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதுபோல் இதற்கும் மருந்துண்டு, குணமுண்டு. செபிப்போம், செபித்துக்கொண்டே வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். தன்னையோ பிள்ளையையோ மாய்க்கும் எண்ணம் அவள் வாயில் வருமானால் ஒரு மணி நேரமும் தாமதியாது, தனியே விடாது, வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் உதவிக்கு உண்டு.

உடல்நோயின் அடையாளங்களையும் வீட்டார் அறிந்திருக்கட்டும். பிள்ளை பால் குடிக்க மறுத்தல், 38 பாகை செல்சியசும் அதற்கு மேலும் காய்ச்சல், விரைவான மூச்சு, வலிப்பு, பச்சை நிற வாந்தி, முதல் நாளிலேயே தோன்றும் மஞ்சள் அல்லது உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவும் மஞ்சள். தாய்க்கு மிகுந்த இரத்தப்போக்கு, காய்ச்சல், கடுந்தலையிடி, மூச்சுத்திணறல்: இவை கண்டால் கைவைத்தியம் பார்த்து நிற்கலாகாது.

5. "பூசைக்கும் போகவில்லை, செபமும் சொல்லவில்லை"

பக்தியுள்ள பெண்களின் மனத்தை இது அரிக்கிறது. செபமாலையைக் கையிலெடுத்தால் இரண்டாம் மணியிலே தூக்கம். மூன்றாம் மணியிலே பிள்ளையின் அழுகை. திருச்சபையின் போதனையைக் கேளுங்கள். ஞாயிறு கடன்பூசையிலிருந்து விலக்களிக்கும் தக்க காரணங்களுக்கு எடுத்துக்காட்டாக, நோயோடு கைக்குழந்தைப் பராமரிப்பையும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (எண் 2181) பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எனவே பச்சைக் குழந்தையோடு வீட்டில் நிற்பவள் கட்டளையை மீறியவள் அல்லள். திருக்குமாரனையே துணிகளில் சுற்றிக் கிடத்தியவர் நம் அன்னை. ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் "இயேசுவே" என்ற ஒரு சொல் போதும். அது முழுச் செபமாலையாகும்.

பிள்ளையோடு கோவிலுக்கு வரும் நாளில் அது அழுதால் திரும்பிப் பார்த்து முகஞ்சுளிக்கிறவர்களுக்கும் ஒரு சொல். பாப்பரசர் பிரான்சிஸ் 2014ஆம், 2017ஆம் ஆண்டுகளின் சனவரியில், சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, பசித்த பிள்ளைகளுக்கு அங்கேயே பாலூட்டும்படி தாய்மாரை ஊக்குவித்தார்.

6. துடக்கும் ஞானஸ்நானமும்

பிள்ளை பெற்றவள் தீட்டுப்பட்டவள் என்ற எண்ணம் நம்மிடை இன்னும் முற்றாய் ஒழியவில்லை. பழைய ஏற்பாட்டுச் சட்டத்துக்குப் பணிந்து (லேவியர் 12) மரியன்னையும் நாற்பதாம் நாள் ஆலயத்துக்கு ஏழைகளின் காணிக்கையான பறவைகளோடு வந்தார். பாவத்தினால் அல்ல, பணிவினால். கிறிஸ்தவத் திருச்சபை பிள்ளைப்பேற்றைப் பாவமென்றோ அசுத்தமென்றோ கொள்வதில்லை. நாற்பது நாள் ஓய்வு நல்லது. கருப்பை பழைய நிலைக்கு வர ஏறத்தாழ ஆறு வாரம் செல்லும். ஓய்வுக்காக அதைக் காப்போம், ஒதுக்கிவைப்பதற்காக அல்ல.

முற்காலத்தில் பிள்ளையை மிக விரைவில் ஞானஸ்நானத்துக்குக் கொண்டு சென்றபடியால், படுக்கையிலிருந்த தாய் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்பின் 1969இல் வெளிவந்த குழந்தைகள் ஞானஸ்நானச் சடங்கு, தாயையும் தந்தையையும் அங்கே அழைக்கிறது. அவர்களே பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைகிறார்கள். முடிவில் தாய்க்கென்று தனி ஆசீரும் உண்டு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (867) பிறந்த முதல் வாரங்களுக்குள் ஞானஸ்நானம் பெறுவிக்கும்படி பெற்றோரைக் கடமைப்படுத்துகிறது. மண்டபமும் விருந்தும் ஆயத்தமாகும் வரை மாதக்கணக்கில் ஒத்திவைத்தல் முறையன்று. உயிராபத்தில் தாமதமே கூடாது. அவசரவேளையில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்.

7. சூசையப்பரின் இரவுகள்

இறுதியாகத் தகப்பன்மாருக்கு. புனித சூசையப்பர் பேசிய ஒரு சொல்லும் சுவிசேஷத்தில் இல்லை. ஆனால் நடுஇரவில் எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார் என்று எழுதப்பட்டிருக்கிறது. இரவில் எழுந்திருத்தல் தந்தையின் பணியுமாகும் என்பதற்கு இதனிலும் பெரிய சாட்சி வேண்டுமோ? பாலூட்டல் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் தகப்பனால் இயலும். துணி மாற்றலாம், தோளிலிட்டு உலாவலாம், ஒரு குவளை சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுக்கலாம், வரும் விருந்தினரை மரியாதையாக வேளையோடு வழியனுப்பலாம். "நீ இரண்டு மணித்தியாலம் படு, நான் பார்க்கிறேன்" என்ற சொல் பொன்னகையிலும் விலையுயர்ந்தது.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் வீட்டில் அல்லது அயலில் பிள்ளை பெற்ற தாயிடம் அவளுடைய சுகத்தைக் கேட்டோமா?
2. இம்மாதம் எந்த ஒரு வேலையை அவள் கையிலிருந்து நாம் வாங்கிக்கொள்ளலாம்?
3. நாம் கடைப்பிடிக்கும் வழக்கங்களுள் எது அன்பிலிருந்து வந்தது, எது பயத்திலிருந்து வந்தது?

செபம்:

பெத்லெகேமில் பாலனை மடியில் ஏந்திய அன்னையே, இவ்விரவில் விழித்திருக்கும் தாய்மார் அனைவரையும் நினைத்தருளும். அவர்கள் களைப்பைக் காணிக்கையாக ஏற்றுத் திருமகனிடம் ஒப்புவியும். அழுகிறவர்களுக்கு அருகில் ஒருவரை அனுப்பும். அந்த ஒருவர் நாங்களாக இருக்கும் வரத்தையும் பெற்றுத்தாரும். ஆமென்.