மின் கைத்துறப்பணம்: பராமரிப்பும் பழுதறிதலும்

மாணவர்களே, மின் துறப்பணம் திடீரென நின்றுவிட்டால் முதலில் யாது செய்வீர்கள்? வகுப்பில் இவ்வாறு கேட்டால் பலர் “உறையைக் கழற்றிப் பார்ப்போம்” என்பர். சிலர் “ஆளியை நிறுத்துவோம்” என்பர். இரண்டும் முதற்படி அல்ல. செருகியைக் குதையிலிருந்து கழற்றுவதே முதற்படியாகும்.

காரணம்: பல கருவிகளின் ஆளி ஒரு கம்பியை மாத்திரமே துண்டிக்கும். குதையில் உயிர்க்கம்பியும் நொதுமற் கம்பியும் மாறி இணைக்கப்பட்டிருந்தால், ஆளியை நிறுத்திய பின்னரும் கருவியின் உட்பகுதியில் 230 வோல்ற்று இருக்கும். சுவர் ஆளியை நிறுத்தினாலும் வேறொருவர் தெரியாமல் அதனைப் போட்டுவிடலாம். கழற்றிய செருகி உங்கள் கண்முன்னே இருக்கட்டும்.

பழுதறியும் ஒழுங்கு (வெளியிலிருந்து உள்ளே)

1. குதை: வேறொரு மின்குமிழைப் பொருத்தி மின் வருகிறதா எனப் பார்க்க.
2. உருகி: எரிந்திருந்தால் அதே பெறுமானமுடைய உருகியை இடுக. வெள்ளித்தாளோ செப்புக்கம்பியோ சுற்றக்கூடாது. அது உருகாது, வடமே தீப்பற்றும்.
3. வடம்: பெரும்பாலும் செருகியின் அருகிலும் கைப்பிடியின் அருகிலுமே உள்ளே அறுந்திருக்கும். வடத்தை அசைக்கும்போது விட்டு விட்டு இயங்குவது இதன் அறிகுறி. ஒட்டுநாடா சுற்றாது வடத்தை மாற்றுக.
4. காபன் தூரிகை: திசைமாற்றியில் அதிக தீப்பொறி, வேகக் குறைவு என்பன தேய்வைக் காட்டும். இரண்டையும் சோடியாக மாற்றுக.
5. சுருள்: எரிந்த மணமோ புகையோ வந்தால் உடனே நிறுத்தித் தொழினுட்பவியலாளரிடம் கொடுக்க.

கவனிக்க: சதுரத்துள் சதுரம் பொறிக்கப்பட்ட துறப்பணம் இரட்டைக் காவலிடப்பட்டது. அதன் வடத்தில் புவிக்கம்பி இராது. இது பழுதன்று. ஏனையவற்றில் பச்சை-மஞ்சள் நிறப் புவிக்கம்பி கட்டாயம் இணைந்திருக்க வேண்டும்.

பராமரிப்பு

• காற்றுத் துளைகளில் தூசு அடைந்தால் மோட்டர் சூடேறும். உலர்ந்த தூரிகையால் துடைக்க.
• வடத்தைப் பிடித்துக் கருவியைத் தூக்கவோ, வடத்தை இழுத்துச் செருகியைக் கழற்றவோ கூடாது.
• மழுங்கிய அலகைத் தீட்டுக. அது மோட்டருக்குச் சுமையைக் கூட்டும்.
• அலகை மாற்றுமுன் செருகியைக் கழற்றுக. சக் சாவியை எடுத்த பின்னரே மீண்டும் செருகுக.

மாதிரி வினா

460 வாற்று வலுவுடைய துறப்பணம் 230 வோல்ற்றில் இயங்குகிறது. 3, 13 அம்பியர் உருகிகளில் எது பொருத்தமானது?

விடை: ஓட்டம் = 460 ÷ 230 = 2 அம்பியர். எனவே 3 அம்பியர் உருகி பொருத்தமானது. 13 அம்பியர் உருகி இட்டால், மெல்லிய வடம் அளவுக்கு மீறிச் சூடேறிய பின்னரும் அது உருகாதிருக்கலாம். (தயாரிப்பாளர் வேறு பெறுமானம் குறித்திருப்பின் அதனையே இடுக.)

படிகளை மாத்திரம் மனனம் செய்யாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் எழுதிப் பழகுங்கள். காரணம் தெரிந்த மாணவன் பரீட்சை மண்டபத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் படியைத் தவறவிடமாட்டான்.